முறை வைத்த நீர்

ஸ்பெயினின் வலென்சியா நகரில் வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டு அடிக்கும்போது, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு முன்னால் கறுப்பு மேலங்கி அணிந்த விவசாயிகள் எட்டுப் பேர் வட்டமாக வந்து உட்காருகிறார்கள். அதே நேரத்தில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் இரவு ஏழு மணி. கோடையில் ஐரோப்பியர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் ஆறு மணி. வலென்சியா மழை குறைந்த மத்தியதரைக் கடற்கரை. பாலி எரிமலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களின் தீவு. கத்தோலிக்க மதமும் எழுதி வைத்த சட்டமும் ஒரு பக்கம், இந்து சமயமும் ஆயிரக்கணக்கான கோயில்களும் மறுபக்கம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் கற்றுக்கொண்டதுமில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் நூற்றாண்டுகளாக ஒரே கவலைதான்: தலைமடைக்காரன் தேவைக்கு மேல் எடுத்துவிட்டால் கடைமடைக்காரன் என்ன செய்வான்?

இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடைகளை வழக்கமாக எதிரெதிராக வைத்தே எழுதுகிறார்கள். வலென்சியாவில் சட்டம் நீரைக் காத்தது, பாலியில் தெய்வ பக்தி காத்தது என்பார்கள். பயணக் கட்டுரைகளிலும் ஆவணப் படங்களிலும் ஓரிடத்தில் நீதிமன்றத்தைக் காட்டுவார்கள், மற்றோரிடத்தில் பூக்கூடை ஏந்திய பெண்களைக் காட்டுவார்கள். பார்க்க அழகான முரண்தான். ஆனால் இரண்டு இடங்களின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த விளக்கம் நிற்காது. வலென்சியாவில் மதமும் அரசும் சட்டமும் மாறின, பங்கீடு நின்றது. பாலியில் மதம் அப்படியே இருக்கும்போதே பங்கீடு குலைந்தது. ஆகவே இவற்றைத் தாங்கி நின்ற தூணை வேறிடத்தில் தேட வேண்டும். அது காலக்கணக்கில் இருந்தது என்பது என் கட்சி. யாருக்கு எப்போது என்ற முறையை எல்லாரும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும்படி வைத்தார்கள். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் வேலையை அந்த நீரில் பங்கில்லாதவர் கையில் கொடுத்தார்கள். சட்டமும் சாமியும் இந்த ஏற்பாட்டுக்கு அந்தந்த ஊர் போர்த்திய மேலாடைகள்.

முதலில் வலென்சியா. நகரைச் சுற்றியுள்ள தோட்டவயல்களுக்குத் துரியா ஆற்றிலிருந்து நீர் போகிறது. குவார்ட், பெனாஜர்-ஃபைத்தானார், மிஸ்லாத்தா, ஃபவாரா, ரொவெயா ஆகிய வாய்க்கால்கள் வலக்கரையில். தோர்மோஸ், மெஸ்தாயா, ரஸ்காஞா இடக்கரையில். (கால்பந்து ரசிகர்களுக்கு மெஸ்தாயா பழகிய பெயர், அந்த விளையாட்டரங்கம் வாய்க்காலின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.) ஒவ்வொரு வாய்க்காலின் விவசாயிகளும் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவருக்குச் சிந்திக் என்று பெயர். அவர் தாமே பயிர் செய்கிறவராக இருக்க வேண்டும். ஆற்றின் நீரை 138 'ஃபிலா' என்று மரபில் கணக்கிட்டார்கள். குவார்ட்டுக்கு 14, தோர்மோஸுக்கு 10 என்று பங்கு. ஃபிலா என்பது லிட்டரைப் போல மாறாத அளவு கிடையாது. ஆற்றில் வெள்ளம் வந்தால் ஒவ்வொரு ஃபிலாவும் பருக்கும், வறட்சி வந்தால் எல்லாமே ஒன்றாக மெலியும். வாய்க்கால் பிரியும் இடத்தில் கல்லால் ஒரு பிரிப்பு. அதற்கு அவர்கள் மொழியில் 'நாக்கு' என்றே பெயர். கல் நாக்கைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வாய்க்காலுக்குள் வயலுக்கு வயல் முறை வரும். தன் முறை வந்தவன் வேண்டிய மட்டும் பாய்ச்சலாம், வீணாக்கக் கூடாது. முறையைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். நீர் கடுமையாகக் குறைந்த நாட்களில், எந்தப் பயிர் முதலில் வாடும் என்று பார்த்து நேரத்தை ஒதுக்கினார்கள். நீர் நிலத்தோடு ஒட்டியது. தனியாக விற்க முடியாது. தெற்கே அலிகாந்தேயிலும் எல்ச்சேயிலும் நீரை நிலத்திலிருந்து பிரித்து விற்கும் வழக்கம் இருந்தது என்பதை நினைத்தால், இது ஸ்பெயின் முழுவதற்கும் பொதுவான குணமில்லை, ஒரு ஊர் தெரிந்தே எடுத்த முடிவு என்று புரியும்.

வியாழக்கிழமைச் சபை இந்த முறையை மீறியவர்களை விசாரிக்கத்தான். அழைப்பவர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகச் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கூவுகிறார். வழக்கறிஞர் கிடையாது, விசாரணை முழுக்க வாய்மொழி, வலென்சிய மொழியில். யார் பேசலாம் என்று தலைவர் காலால் சுட்டுவது பழைய வழக்கம். மேல்முறையீடு இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விதி: குற்றம் நடந்த வாய்க்காலின் சிந்திக் தீர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது, வழக்கு வலக்கரையில் என்றால் இடக்கரையார் தண்டனையை முன்மொழிவார்கள், இடக்கரையில் என்றால் வலக்கரையார். அதாவது விவசாயம் தெரிந்தவன், வாய்க்கால் தெரிந்தவன், ஆனால் அந்த வாய்க்காலில் சொட்டுத் தண்ணீரும் கிடைக்காதவன்தான் நீதிபதி. ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடலாம். வலென்சியா ஏறத்தாழ கிரீனிச் தீர்க்கரேகையின் மேலேயே இருக்கிறது. ஆனால் 1940-இல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றிக்கொண்டதால், பன்னிரண்டு மணி அடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும். கோடையில் இரண்டு மணி நேரம். சபை சூரியனோடு போகவில்லை, ஊர் பார்க்கும் மணியோடு போனது. சபைக்கு வேண்டியது எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு நேரம், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு கடந்து வந்த மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். வாய்க்கால்கள் முஸ்லிம் ஆட்சிக் காலத்தவை. வாய்க்காலுக்கு அவர்கள் இன்றும் சொல்லும் சொல்லே 'சாகியா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1238-இல் அரகோன் அரசர் முதலாம் ஜாவுமே நகரைப் பிடித்தார். அடுத்த ஆண்டே வாய்க்கால்களைக் குடிகளுக்கு அளித்து, சாரசேனியர் (முஸ்லிம்கள்) காலத்தில் எப்படிப் பாய்ந்ததோ அப்படியே பாயட்டும் என்று சாசனம் தந்தார். புதிதாகக் குடியேறிய கிறிஸ்தவர்களுக்கு மசூதி வேண்டியிருக்கவில்லை, முறை வேண்டியிருந்தது. 1435 மே 29-இல் பெனாஜர், ஃபைத்தானார் வாய்க்கால்களின் பாசனக்காரர் 84 பேர் புனித பிரான்சிஸ் மடத்தில் கூடித் தங்களுக்கு விதிகள் வகுத்துக்கொண்டார்கள். 1707-இல் ஐந்தாம் பெலிப்பே வலென்சியாவின் தனிச் சட்டங்களையெல்லாம் ஒழித்தார்; நீர்ச்சபை தப்பியது. 1813-இல் காதிஸ் நாடாளுமன்றம் சிறப்பு நீதிமன்றங்களை ஒழிக்க முனைந்தபோது, பொர்ரூல் என்ற வலென்சிய உறுப்பினர் எழுந்து சபைக்காக வாதாடினார், மறுபடியும் தப்பியது. 1978 அரசியலமைப்பு வழக்காற்று நீதிமன்றங்களை ஏற்றது. அமீரகம், முடியாட்சி, சர்வாதிகாரம், மக்களாட்சி எல்லாம் வந்து போன இடத்தில், 'சட்டம்தான் காத்தது' என்று சொன்னால் எந்தச் சட்டம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாலியில் இந்தப் பாசனக் கூட்டத்துக்குச் சுபாக் என்று பெயர். 1072-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்றில் 'கசுவாக்கான்' என்று இதன் முன்னோர் சொல் வருகிறது. இன்று ஏறத்தாழ 1,200 சுபாக்குகள், ஒவ்வொன்றிலும் ஐம்பதிலிருந்து நானூறு விவசாயிகள். சுபாக்கின் எல்லை ஊரின் எல்லையோடு பொருந்தாது. நீர் எங்கே போகிறதோ அதுதான் எல்லை. தலைவருக்குப் பெக்காசே என்று பெயர். விதிகளுக்கு ஆவிக்-ஆவிக். வாய்க்கால் பிரியும் இடத்தில் வெட்டுப்போட்ட பிரிப்புக் கட்டை. அதற்குத் தெம்புக்கு என்று பெயர், பங்குக்குத் தெக்தெக் என்று பெயர். தெக்தெக்கும் ஃபிலாவைப் போலவேதான், வரும் நீரில் ஒரு விகிதம். வாய்க்கால் பிரியும் இடங்களில் கோயில்கள். வயலோரச் சிறு சன்னதியில் தொடங்கி மேலே மேலே போய், பாத்தூர் எரிமலை விளிம்பில் உள்ள உலுன் டானு கோயிலில் முடியும் ஒரு வரிசை. அங்கே ஏரியின் தாயான டேவி டானுவுக்குப் பூசை. தலைமைப் பூசாரி ஜெரோ கெடே. பருவத்தை வகுப்பது 210 நாள் கொண்ட பாவுக்கோன் நாட்காட்டி: ஏழு நாள் வாரங்கள் முப்பது, அவற்றோடு கூடவே மூன்று நாள் வாரம், ஐந்து நாள் வாரம் என்று பல வாரங்கள் பின்னிப்பின்னி ஓடும். பழைய பாலி நெல் ஏறத்தாழ அத்தனை நாள் பயிர். எந்தச் சுபாக் எப்போது நீர் திறப்பது, எப்போது நடவு, எப்போது தரிசு என்பதெல்லாம் கோயில் கூட்டங்களில் இந்தக் கணக்கின்படி முடிவாகும்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருந்தது. மேட்டு வயல்காரனுக்கு நீருக்குக் குறைவில்லை. அவன் ஏன் கீழே இருப்பவனுக்காகக் காத்திருக்க வேண்டும்? பூச்சிக்காகத்தான். பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே நேரத்தில் அறுவடையாகி ஒரே நேரத்தில் தரிசாகவோ நீர் நிறைந்தோ கிடந்தால், புகையானுக்கும் எலிக்கும் தின்ன ஒன்றும் இல்லாமல் அழியும். கீழ்வயல்காரன் தன் இஷ்டத்துக்கு நட்டுக்கொண்டிருந்தால் அங்கே வளர்ந்த பூச்சி மேலே ஏறும். ஆக மேலே இருப்பவனுக்குப் பூச்சி பயம், கீழே இருப்பவனுக்கு வறட்சி பயம். இரண்டு பயமும் சேர்ந்து ஒரே நாட்காட்டியைக் கட்டிக் காத்தன. 1960-களின் இறுதியிலிருந்து பசுமைப் புரட்சி இதைக் கலைத்தது. குறுகிய காலப் பயிர், இயன்ற அளவு தொடர்ந்து நடவு, உரம், பூச்சிமருந்து என்று அரசு வற்புறுத்தியது. ஐ.ஆர்.8 என்ற நெல் ரகம் வந்தது, புகையான் தின்றது. தாங்கும் என்று சொல்லி ஐ.ஆர்.36 கொடுத்தார்கள், துங்ரோ நோய் பிடித்தது. 1979-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு தொடங்கிய பாசனத் திட்டம் கட்டைப் பிரிப்புகளை எடுத்துவிட்டுத் திருகும் இரும்பு மதகுகளை வைத்தது. இத்தனைக்கும் கோயில் விழாக்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. சாமிக்குப் படையல் போய்க்கொண்டிருந்தது, வயலில் பூச்சி பெருகிக்கொண்டிருந்தது. நாட்காட்டி வயலிலிருந்து பிரிந்துவிட்டால் பக்தியால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? விவசாயிகளாகவே பழைய முறைக்குத் திரும்பினார்கள். பல இடங்களில் இரும்பு மதகுகள் சும்மா நின்றன. திருகும் மதகில் இரவில் யார் எத்தனை சுற்றுத் திருகினார் என்று மறுநாள் காலையில் தெரியாது. வெட்டுப்போட்ட கட்டையில் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் ஓஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணினியில் ஏற்றிப் பார்த்தார்கள். கோயில் வரிசைப்படி ஒத்திசைத்து நடும்போது விளைச்சல் ஏறத்தாழ உச்சத்தைத் தொட்டது. நவீன அறிவியல் பூசாரிக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று பலரும் இதைக் கொண்டாடினார்கள். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். அந்த ஆய்வில் இன்னொரு சோதனையும் உண்டு: ஒவ்வொரு சுபாக்கும் அண்டைச் சுபாக்குகளில் நன்றாக விளைந்ததைப் பார்த்து அதன் நடவுக் கணக்கைக் காப்பியடிக்கட்டும் என்று மட்டும் விதி வைத்தார்கள். சில சுற்றுகளிலேயே கோயில் வரிசையை ஒத்த ஒரு பின்னல் தானே உருவாகிவிட்டது. அந்த நிரலில் டேவி டானு இல்லை, ஜெரோ கெடேயும் இல்லை. அப்படியானால் ஏரித்தாய் வேண்டாத சுமையா என்று கேட்கலாம். இல்லை. கணினிச் சுபாக்குகள் சண்டை போடுவதில்லை, மனிதர்கள் போடுவார்கள். அப்போது யாராவது ஒருவர் நாள் குறித்தாக வேண்டும், அவர் சொல்லுக்கு உள்நோக்கம் இருக்கக் கூடாது. பாத்தூர் ஏரியிலிருந்து ஆறு எதுவும் வெளியே ஓடுவதில்லை. ஏரி நீர் நிலத்தடியில் இறங்கி ஊற்றாக வருகிறது என்பது நம்பிக்கை. அந்தப் பூசாரி மூடுவதற்கு அங்கே மதகே கிடையாது. எரிமலை விளிம்பில் நெல் விளைவதும் இல்லை. வலென்சியாவின் எதிர்க்கரைச் சிந்திக்கும் பாத்தூரின் பூசாரியும் ஒரே உத்தியோகம் பார்க்கிறார்கள்.

உருவம் ஏன் இவ்வளவு வேறுபட்டது என்ற கேள்விக்கும் விடை வயலிலேயே இருக்கிறது. வலென்சியத் தோட்டத்தில் காய்கறி, மல்பெரி, கிழங்கு, ஆரஞ்சு என்று கலந்து விளையும். ஒவ்வொரு பயிருக்கும் தாகம் ஒவ்வொரு நாளில். ஒரே நாட்காட்டியில் அடைக்க முடியாது. ஆகவே சில்லறைத் தகராறுகள் நித்தம் வரும், அவற்றை ஒரு வாரத்துக்கு மேல் வளரவிடக் கூடாது. அதனால் வாரந்தோறும் நீதிமன்றம். பாலியில் ஒரே பயிர், நீரும் பூச்சியும் ஒரே கணக்கில் அடங்கும்; முன்கூட்டியே நாள் குறித்துவிட்டால் தகராறில் பாதி பிறக்கவே பிறக்காது. அதனால் நாட்காட்டியும் அதை உச்சரிக்கக் கோயிலும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாசனம் என்றாலே பேரரசு, பேரரசு என்றாலே கொடுங்கோல் என்று கார்ல் விட்ஃபோகல் 1957-இல் எழுதினார். அதை முற்றிலும் மறுத்த லான்சிங்கின் நூலுக்கும் பின்னால் மறுப்பு வந்தது: பாலியின் அரசர்கள் பாசனத்தில் கைவைக்கவே இல்லை என்பது மிகை என்று பிரிகிட்டா ஹவுசர்-ஷொய்ப்லின் 2003-இல் வாதிட்டார். இதில் உண்மை இருக்கிறது. மெங்வி அரசர்களின் தாமான் ஆயுன் கோயில் அரச கோயில்தான், நீர்க்கோயிலும்தான். ஜாவுமே வாய்க்கால்களைக் குடிகளுக்குக் கொடுத்தபோது புசோல் வரை போகும் பெரிய வாய்க்காலை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டார். மொன்காதா என்ற அந்த வாய்க்கால் இன்றும் வியாழக்கிழமைச் சபைக்கு வெளியேதான் நிற்கிறது. அரசர்கள் அணை கட்டினார்கள், வரி வாங்கினார்கள், கோயிலுக்குக் கொடை தந்தார்கள். ஆனால் நள்ளிரவில் யார் மடை திறந்தது என்பதை அரண்மனையிலிருந்து பார்க்க முடியாது. மெங்வி அரசு 1891-இல் அண்டை அரசுகளிடம் தோற்று அழிந்தது. தாமான் ஆயுன் இன்றும் சுபாக்குகளுக்குக் கோயிலாக இருக்கிறது. அரசு இல்லாமல் கட்டுமானம் தோன்றியிராது என்பதை ஒத்துக்கொள்ளலாம். அரசு போன பிறகும் முறை ஓடியது என்பதுதான் நம் கேள்விக்குப் பொருத்தமான சான்று.

பழமை பற்றிய பெருமிதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். 1960-இல் வலென்சியா தன் நீர்ச்சபைக்கு ஆயிரமாண்டு விழா எடுத்தது. 960-இல், கோர்தோபா கலீபாக்கள் காலத்தில், இந்தச் சபை இதே வடிவில் கூடியது என்பதை எந்த ஆவணமும் நிறுவவில்லை. வாய்மொழியாகவே நடந்த சபை தன் பிறந்த நாளை எழுதி வைக்காமல் போனதில் வியப்பில்லை. அதேபோல் நீரில் இருந்த சமத்துவம் நிலத்தில் இல்லை. வலென்சியத் தோட்டக்காரர்கள் பலர் நகரத்து உடைமையாளரின் குத்தகைதாரர்கள். பிளாஸ்கோ இபான்யெஸ் 1898-இல் எழுதிய 'லா பராக்கா' நாவல் அந்தக் குத்தகைப் பகையைச் சுற்றியே நகர்கிறது, நீர்ச்சபை அதில் ஓர் ஏழைக்கு அநியாயமாகவே தீர்ப்புச் சொல்கிறது. நிலமில்லாதவனுக்கு முறையும் இல்லை. முறைநீர் என்பது நிலம் வைத்திருப்பவர்களுக்குள் வஞ்சனையைக் குறைத்த கருவி. அதற்கு மேல் அதன் தலையில் புண்ணியத்தை ஏற்றினால் வரலாறு கோணிவிடும்.

நமக்கும் இதில் ஓர் ஒட்டுறவு உண்டு, கொஞ்சம் கசப்பானது. 1860-களில் இந்தியப் பாசனத்துக்குப் பாடம் தேடி ஆங்கிலேயர்கள் வலென்சியாவுக்குப் போனார்கள். கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1867-இலும், பொறியாளர் ஸ்காட்-மான்கிரீஃப் 1868-இலும் அறிக்கை வெளியிட்டார்கள். விவசாயிகளே நடத்தும் நீர்ச்சபையை அவர்கள் வியந்தார்கள். அதே ஆண்டுகளில், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் பதிவான இந்த மண்ணில், ஏரிகளின் பொறுப்பு குடிகளிடமிருந்து பொதுப்பணித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. குடிகள் தாமாகவே செய்துவந்த குடிமராமத்தை 1858-இன் சென்னைச் சட்டம் கட்டாய வேலையாக்கியது. வெளியூர்ப் பஞ்சாயத்தை ரசிக்க முடிந்த கண்ணுக்குக் காலடியில் இருந்த பஞ்சாயத்து தெரியவில்லை.

வலென்சிய நீர்ச்சபை 2009-இலும் பாலியின் சுபாக் நிலப்பரப்பு 2012-இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஆளும் முறை காட்சிப் பொருளாகும் காலம் இது. பாலியில் வயல்கள் விடுதிகளாகின்றன. நடுவில் ஒரு வயல் விற்றுப்போனால் அதன் வழியே போன கிளை வாய்க்காலும் சேர்ந்து அறுபடுகிறது. வலென்சியாவில் 1957 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு துரியாவையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப் படுகை இப்போது பூங்கா. ரொவெயா வாய்க்காலின் வயல்களில் பெரும்பகுதி நகரத்துக்குள் கரைந்துவிட்டது. ஆனாலும் வியாழக்கிழமை அழைப்பவர் ரொவெயாவின் பெயரையும் விடாமல் கூவுகிறார். பெரும்பாலான வாரங்களில் யாரும் முன்வருவதில்லை; சில நிமிடங்களில் எட்டுப் பேரும் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகள் கைப்பேசியை இறக்கிக்கொள்கிறார்கள். சபை கூடும் அதே சதுக்கத்தில் துரியா ஆற்றுக்கு ஒரு நீரூற்றுச் சிலை இருக்கிறது. நடுவில் ஆறு ஓர் ஆண் வடிவில் சாய்ந்திருக்க, சுற்றிலும் எட்டு வாய்க்கால்களும் எட்டுப் பெண்களாகக் குடத்திலிருந்து நீர் ஊற்றுகிறார்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில், முறை எதுவும் இல்லாமல்.